கையை விடாதீங்க!

பத்து வயதிலேயே ஒருத்திக்குப் 'பெரிசு' என்று பெயர் வந்துவிட்டால் அவள் என்னதான் செய்வாள்?

பிறந்தபோது அவளுக்கும் நல்ல பெயர் ஒன்று வைத்தார்கள். தம்பி பிறந்த அன்று அது காணாமல் போனது. அவன் 'பொடிசு' ஆனான், இவள் 'பெரிசு' ஆனாள். அன்றிலிருந்து எது நடந்தாலும், "ஏய் பெரிசு, நீ பாத்துக்கக் கூடாதா?" என்ற கேள்விதான் முதலில் வரும். பால் பொங்கி வழிந்தாலும் அதுதான். கொடியில் போட்ட துணி மழையில் நனைந்தாலும் அதுதான்.

அம்மா தையல்காரர். அவருடைய கடை நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. நீளமாக ஒரு வராந்தா, அதை ஒட்டி நான்கு குட்டிக் கடைகள். ஒவ்வொன்றும் ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவுதான். முதல் கடை சாவிக்காரருடையது. அடுத்தது கடிகாரம் பழுது பார்க்கும் அக்காவுடையது. மூன்றாவது ஜெராக்ஸ் கடை. கடைசிக் கடை அம்மாவுடையது.

அப்பா ஓட்டும் பேருந்து ஊர் திரும்ப இரவு ஒன்பது மணி ஆகும். அதனால் பள்ளி விட்டதும் பெரிசும் பொடிசும் நேரே அம்மாவின் கடைக்கு வந்துவிடுவார்கள். பெரிசு ஒரு மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதுவாள் என்று சொல்வதைவிட, எழுதப் பார்ப்பாள் என்பதே சரி. பொடிசு எங்கே விட்டான் எழுத!

பொடிசுக்கு நாலரை வயது. வராந்தாவில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருப்பான். திரும்பி வரும்போது அவன் கையில் ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு நாள் கடிகார அக்கா கண்ணில் பொருத்திப் பார்க்கும் கண்ணாடி. இன்னொரு நாள் ஜெராக்ஸ் கடையின் ஸ்டேப்ளர். கொண்டுவந்ததை அம்மாவின் வெட்டுத்துணிப் பைக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொள்வான்.

அவற்றை எடுத்துக்கொண்டு போய் யாரும் பார்க்காத நேரத்தில் அந்தந்த இடத்தில் வைப்பது பெரிசின் வேலை. மூன்று வாரமாக இதே கூத்து. அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. அம்மா நூற்றிருபது பள்ளிச் சீருடைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் பச்சை. அடுத்த வாரம் கொடுத்தாக வேண்டும். அம்மாவின் வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும், பேசக்கூட நேரம் இல்லை.

அன்று பெரிசு நாலாவது வகுத்தல் கணக்கில் இருந்தாள். பொடிசு வந்தான். பையைத் திறந்தான். புதைத்தான். கட்டைவிரலை வாயில் வைத்தான்.

"இன்னைக்கு என்ன?" என்றாள் பெரிசு.

பொடிசு கூரையைப் பார்த்தான்.

பெரிசு பையைக் கிளறினாள். நீளமான இரும்புச் சாவி ஒன்று கையில் தட்டுப்பட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. போயும் போயும் சாவிக்காரர் கடையிலா கை வைப்பான்?

சாவிக்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். நாலு கடைக்கும் அவர்தான் தலைவர். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, சத்தம் அதிகம் என்பதால் தானாகவே ஆகிவிட்டார். கட்டடத்துச் சொந்தக்காரரும் அவர் சொல்வதைத்தான் கேட்பார். நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் நாள் முழுக்க அந்த வராந்தா வழியாகத்தான் போவார்கள். அதனால் மணிக்கு ஒரு தடவை அவர் கத்துவார்: "பொருளை அங்கங்க போட்டுட்டுப் போகாதீங்க! யாரும் பாக்கலன்னா எவனாவது திருடிடுவான்!"

நகல் எடுக்க வரும் சாவிகளை அவர் சுவரில் வரிசையாக ஆணியில் மாட்டி வைப்பார். ஓர் ஆளுக்கு ஓர் ஆணி. பெரிசு எட்டிப் பார்த்தாள். மூன்றாவது ஆணி காலியாக இருந்தது. சாவிக்காரர் மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பெரிசு பூனை போல உள்ளே போனாள். நுனிக்காலில் நின்றாள். சாவி ஆணியைத் தொட ஒரு விரல் தூரம் இருந்தது. அப்போது அவள் மணிக்கட்டை ஒரு பெரிய கை பிடித்தது.

"மாட்டினியா!"

சாவிக்காரரின் குரல் தெருமுனை வரை போனது.

"கையும் களவுமா பிடிச்சுட்டேன்! மருந்துக் கடைக்காரர் சாவியைத் திருடப் பாக்குது! திருட்டுப் பொண்ணு! எல்லாரும் வந்து பாருங்க!"

நீதிமன்றத்திலிருந்து வந்துகொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர் நின்றுவிட்டார்கள். கடிகார அக்கா ஓடி வந்தார். அவருக்கு முன்னால் ஓடி வந்தவர் ஜெராக்ஸ் கடைக்காரர்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீதிமன்றக் காகிதங்கள் எல்லாம் அவரிடம்தான் நகல் எடுக்க வரும். ஒரு தாளை இயந்திரத்தில் வைத்துவிட்டு, அடுத்த தாளை அவர் படிப்பார். இருபது வருடமாக இப்படிப் படித்ததில் அவருக்குச் சட்டம் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் தெரியும். அதனால் எல்லாரும் அவரைப் பாதி வக்கீல் என்பார்கள். அவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"கையை விடாதீங்க!" என்று கத்தினார் பாதி வக்கீல். "விட்டா கேஸ் போச்சு!"

"விடலையே!"

"பொருள் கையில இருக்கு. ஆளு அந்த இடத்துலயே இருக்கு. அந்த நேரத்துலயே பிடிச்சிருக்கீங்க. மூணும் சேந்து இருந்தா இதுக்குப் பேருதான் கையும் களவும். அப்புறம் சாட்சிய எல்லாம் தேட வேண்டியதே இல்ல."

"நான் எடுக்கல. வைக்கத்தான் வந்தேன்" என்றாள் பெரிசு.

"பிடிபட்டவங்க எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க" என்றார் பாதி வக்கீல். "இதுவும் நான் படிச்ச பக்கத்துல இருக்கு."

அம்மா ஓடி வந்தார். கழுத்தில் அளவு நாடா, வாயில் நாலு குண்டூசி. "ம்ம்! ம்ம்ம்!" என்றார். ஒவ்வொரு ஊசியாக எடுத்துப் புடவைத் தலைப்பில் குத்தி முடிப்பதற்குள் சாவிக்காரர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"நாளையிலேருந்து பிள்ளைங்க ரெண்டும் இந்த வராந்தாவுல கால் வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்!"

"அண்ணே, அப்படிச் சொன்னா எப்படி?" என்றார் அம்மா. "பிள்ளைங்கள எங்கண்ணே விடுவேன்? நாலு மணிக்கே கடையைப் பூட்டிட்டுப் போனா சீருடையை எப்படி முடிப்பேன்?"

"அது எனக்குத் தெரியாது தங்கச்சி. திருட்டுன்னா திருட்டுதான்."

அம்மா பெரிசைப் பார்த்தார். "பெரிசு, நீ எடுத்தியா?"

"இல்லம்மா."

"அப்ப உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

பெரிசு வாயைத் திறந்தாள். எல்லாருடைய கால்களுக்கும் நடுவில் பொடிசு நின்றுகொண்டிருந்தான். கட்டைவிரல் வாயில் இருந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவிக்காரர் அவள் கையை விட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொள்வார். ஆனால் 'திருட்டுப் பொண்ணு' என்று சற்று முன் கேட்டபோது அவளுக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. பத்து வயதுக்காரிக்கே அப்படி என்றால் நாலரை வயதுக்காரனுக்கு எப்படி இருக்கும்? அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா? பதில் இல்ல!" என்றார் பாதி வக்கீல்.

நின்று பார்த்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் மருந்துக் கடைக்காரர் குடையைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தார்.

"என் சாவி ரெடியா? ஆறு மணிக்குக் கடை திறக்கணும்."

"இதோ ஆச்சு" என்று சாவிக்காரர் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். பெரிசும் கூடவே திரும்ப வேண்டியதாயிற்று. அவள் மணிக்கட்டு இன்னும் அவர் பிடியில்தானே இருந்தது!

"வக்கீலே, ஒரு கையால எப்படிய்யா சாவி வெட்டறது?"

"அதெல்லாம் தெரியாது. கையை மட்டும் விடாதீங்க."

"எதுவரைக்கும்?"

பாதி வக்கீல் யோசித்தார். "அது அடுத்த பக்கத்துல இருந்திருக்கும்."

பெரிசு பெருமூச்சு விட்டாள். "நான் பிடிக்கறேன் மாமா. எதைப் பிடிக்கணும்?"

வேறு வழி இல்லை. பழைய சாவியை ஒரு கவ்வியிலும், பல் வெட்டாத புதுச் சாவியை இன்னொரு கவ்வியிலும் வைக்க வேண்டும். அவர் தன் வலக்கையால் வைத்தார். இவள் தன் இடக்கையால் திருகினாள்.

"இன்னும் இறுக்கு."

"இதுக்கு மேல இறுகாது மாமா."

"இறுகும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இறுக்கு. ஆங், அப்படித்தான். கெட்டிக்காரி!" என்றவர், தான் பிடித்து வைத்திருப்பது திருடியை என்று ஞாபகம் வந்து, முகத்தை மறுபடி கடுகடுப்பாக்கிக்கொண்டார்.

சக்கரம் கிறீச் என்று சுழன்றது. பாதியில் திக்கி நின்றது.

"என்ன இது?" சாவிக்காரர் குனிந்து பார்த்தார். பழைய சாவியின் துளையில் சிக்கியிருந்த நீளமான பச்சை நூல் ஒன்று சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாமா, இந்த நூல் உங்க கடையில இருக்கா?" என்று கேட்டாள் பெரிசு.

"என் கடையில ஏது நூல்? இது உங்கம்மா தைக்கற நூலு."

"சாவி உங்க ஆணியிலயே இருந்திருந்தா எங்கம்மா நூல் இதுல எப்படி வந்துச்சு?"

சாவிக்காரர் ஆணியைப் பார்த்தார், நூலைப் பார்த்தார்.

"எங்க கடை துணிப் பையில கிடந்துச்சு. திருப்பி மாட்டத்தான் வந்தேன். எடுக்கற கையும் வைக்கற கையும் பாக்க ஒரே மாதிரிதானே மாமா இருக்கும்? நீங்க பாதியில பிடிச்சுட்டு, எடுக்கற கைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

கடிகார அக்கா, "அந்தப் பொண்ணு சொல்றது நியாயம்தானே" என்றார்.

பாதி வக்கீல் தாடையைச் சொறிந்தார். "அப்ப களவு முன்னாடியே முடிஞ்சு போச்சு. அப்ப இது கையும் களவும் இல்ல. வெறும் கைதான்."

"அப்ப முன்னாடி எடுத்தது யாரு?" என்றார் சாவிக்காரர்.

எல்லாரும் பெரிசைப் பார்த்தார்கள். இனிமேல் மறைத்துப் பயன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"நீங்களே பாருங்க. ஆனா பாத்து முடிக்கற வரைக்கும் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது."

"எந்த வார்த்தை?"

"என்னைச் சொன்னீங்களே, அது."

சாவிக்காரர் தொண்டையைச் செருமினார். "சரி."

அவள் சொன்னபடி ஆளுக்கு ஒரு பொருளை வராந்தாத் திட்டில் வைத்தார்கள். சாவிக்காரர் அரத்தை வைத்தார். கடிகார அக்கா கண்ணாடியை வைத்தார். பாதி வக்கீல் நெற்றியில் ஏற்றியிருந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அம்மா ஊசி குத்தும் பஞ்சுப் பந்தை வைத்தார். மருந்துக் கடைக்காரர் எதற்கென்று தெரியாமலே குடையை வைத்தார். பிறகு எல்லாரும் வரிசையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

பொடிசு வந்தான். பொருள்களைப் பார்த்தான். சுவரைப் பார்த்து நிற்கும் ஐந்து பெரியவர்களைப் பார்த்தான். திட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அவ்வளவுதான். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. அவன் ஒன்றையும் தொடவில்லை.

பெரிசுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சுவரும் பக்கத்தில்தான் இருந்தது. மூன்று வாரமாக ஒரு நாள் விடாமல் எடுத்தவன் இன்றைக்கா நல்ல பிள்ளை ஆக வேண்டும்?

"என் கழுத்து வலிக்குது" என்றார் சாவிக்காரர். "இது என்ன விளையாட்டு? வக்கீலே, எல்லாம் உன்னாலதான். மூணும் இருக்கு, சாட்சியே வேண்டாம்னு சொன்னது நீதானே?"

"நானா கையைப் பிடிச்சேன்? நீங்கதானே ஊரைக் கூட்டுனீங்க!"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார் கடிகார அக்கா. "சின்னப் பொண்ண அரைமணி நேரமா பிடிச்சு வெச்சிருக்கீங்க, வெக்கமா இல்ல?"

"விடாதீங்கன்னு இவன்தானே சொன்னான்!"

"எனக்கு ஆறு மணிக்குக் கடை திறக்கணும்" என்றார் மருந்துக் கடைக்காரர்.

சண்டை முற்றியது. பாதி வக்கீல் ஒரு பக்கம் கையை நீட்ட, சாவிக்காரர் பெரிசின் கையையும் சேர்த்து இன்னொரு பக்கம் நீட்டினார். திட்டில் பொருள் வைத்ததே யாருக்கும் நினைவில் இல்லை.

பெரிசு மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா," என்றாள், "இப்பத் திரும்புங்க."

எல்லாரும் திரும்பினார்கள்.

பொடிசு தையல் கடைக்குப் பாதி வழியில் இருந்தான். சட்டையைத் தூக்கிப் பை போலப் பிடித்திருந்தான். அதற்குள் அரம், இரண்டு கண்ணாடிகள், பஞ்சுப் பந்து. குடையை மட்டும் கக்கத்தில் இடுக்கித் தரையில் இழுத்துக்கொண்டு போனான்.

"அடேய்! திரு..." என்று ஆரம்பித்த சாவிக்காரர், பெரிசின் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கினார்.

பொடிசு நின்றான். பயந்த மாதிரியே தெரியவில்லை. பார்க்கப்போனால் அவனுக்குத்தான் கோபமாக இருந்தது.

"இங்க போட்டுட்டு யாருமே பாக்கல!" என்றான். "எவனாவது திருடிடுவான்ல? அதான் எடுத்து ஒளிச்சு வைக்கறேன். அந்தச் சாவியும் இந்தத் திட்டுலதான் கிடந்துச்சு! எத்தன தடவதான் நானே எடுத்து வைக்கறது!"

"முதல்ல வெச்சப்ப ஏன் எடுக்கல?" என்று கேட்டார் கடிகார அக்கா.

"அப்ப அக்கா ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே இருந்துச்சு. நானும் காவல் இருந்தேன்."

அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். சாவிக்காரரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மணிக்கு ஒரு தடவை அவர் கத்தியதை அந்த வராந்தாவில் ஒரே ஒருவன்தான் காதில் வாங்கியிருந்தான்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றார் பாதி வக்கீல். "திருடணுங்கற எண்ணம் இருந்தாத்தான் திருட்டு. அந்த எண்ணம் இல்லன்னா, கையில பொருள் இருந்தாலும் அது திருட்டு ஆகாது."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"அது வேற ஒரு காகிதக் கட்டுல வந்துச்சு. இப்பதான் ஞாபகம் வருது."

பெரிசு தம்பியிடம் போக நினைத்தாள். முடியவில்லை. "மாமா, இப்பவாவது கையை விடுங்க."

சாவிக்காரர் அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். சட்டென்று விட்டார். அவள் மணிக்கட்டு சிவந்து போயிருந்தது. அவள் அதைத் தேய்த்துக்கொண்டே பொடிசின் முன்னால் குனிந்தாள்.

"இனிமே ஏதாவது தனியா கிடந்தா ஒளிச்சு வைக்காத. அது யாரோடதோ அவங்க கையிலயே கொண்டுபோய்க் குடு. புரியுதா?"

"குடையுமா?"

"குடையும்தான்!"

அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் போய் ஒவ்வொருவர் கையிலும் வைத்தான். "தொலைச்சுடாதீங்க" என்று எல்லாரிடமும் தனித்தனியாகச் சொன்னான்.

அம்மா பெரிசை இழுத்து அணைத்துக்கொண்டார். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, நீ பாத்துக்கக் கூடாதான்னு கேப்ப."

அம்மாவுக்குப் பதில் வரவில்லை. இந்தத் தடவை வாயில் குண்டூசியும் இல்லை.

சாவிக்காரர் மருந்துக் கடைக்காரரின் சாவியை வெட்டி முடித்துக் கொடுத்தார். பிறகு மேசையைத் துடைத்தார். துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தார்.

"சரி, சரி" என்றார் தலையைத் தூக்காமல். "நாளைக்கும் பிள்ளைங்க வரட்டும். போ, போய்ப் படி."

பெரிசு போகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் கடை வாசலிலேயே நின்றாள்.

"இன்னும் என்ன?"

"திருட்டுப் பொண்ணுன்னு சொன்னப்ப எவ்வளவு சத்தமா சொன்னீங்க?"

"அது... கோவத்துல..."

"தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. பதினஞ்சு பேர் நின்னு பாத்துட்டுப் போனாங்க. இப்ப வரட்டும்னு சொல்றதை மேசைக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்றீங்க."

சாவிக்காரர் கடிகார அக்காவைப் பார்த்தார். அக்கா, அவ கேக்கறதுல என்ன தப்பு என்பது போலக் கையைக் கட்டிக்கொண்டார். பாதி வக்கீலைப் பார்த்தார். பாதி வக்கீல் கூரையைப் பார்த்தார்.

சாவிக்காரர் எழுந்து வராந்தாவின் படியில் போய் நின்றார். மூச்சை இழுத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு திருடல!"

பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"எந்தப் பொண்ணுங்க?" என்று கேட்டார் அந்தப் பக்கமாகப் போன ஒருவர்.

"தையல் கடைப் பொண்ணு. அது ஒண்ணும் எடுக்கல. நான்தான் தப்பாப் பிடிச்சுட்டேன்."

"எதை எடுக்கல?"

"சாவியை."

"எந்தச் சாவியை?"

சாவிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இருவர் நின்று, "என்ன, என்ன?" என்றார்கள். அவர்களுக்கும் முதலிலிருந்து சொன்னார். குரலைக் குறைத்தால் பெரிசு எட்டிப் பார்த்தாள். உடனே குரல் உயர்ந்தது.

பெரிசு மூலைக்குத் திரும்பி நாலாவது வகுத்தல் கணக்கை எடுத்தாள். வாசலில் அவ்வளவு சத்தம். மூன்று தடவை போட்டும் விடை தப்பாகவே வந்தது. ஆனாலும் அவள் ஒரு தடவைகூட, "போதும் மாமா, நிறுத்துங்க" என்று சொல்லவில்லை.